இடப்பக்க இருக்கை

லாரியில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஓர் இருக்கை உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இரண்டு மூன்று தலைமுறை ஆண்கள் அதில் உட்கார்ந்துதான் பிழைக்கக் கற்றார்கள். கிளீனர் சீட்டு என்பார்கள். வண்டி கழுவுவது, டயர் கழற்றி மாட்டுவது, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவது, ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று குரல் கொடுப்பது என்று அதில் உட்கார்ந்தவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. கூலி சொற்பம். ஆனால் அவன் காதில் ஓயாமல் ஏதாவது விழுந்துகொண்டிருந்தது. சரிவில் எப்படி இறங்குவது, எப்போது தூங்குவது, எந்த ஊரில் தண்ணீர் பிடிப்பது, உடம்புச் சூட்டை எப்படித் தணிப்பது, செக்போஸ்ட்டில் எவ்வளவு பேசுவது, பேட்டாவில் எவ்வளவு மிச்சம் பிடிப்பது. சேலம் கொண்டலாம்பட்டியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சற்று நேரம் நின்று போகிற லாரிகளைப் பாருங்கள். இன்று அந்த இருக்கை பெரும்பாலும் காலி. தண்ணீர்க் கேனும் மடித்த போர்வையும்தான் அதில் பயணம் செய்கின்றன.

அன்றாட வாழ்க்கைக்கான குறிப்புகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. வார இதழ்களின் பெட்டிச் செய்திகள், நாட்காட்டித் தாளின் பின்பக்கம், இப்போது காலையில் எழுந்ததும் கைபேசியில் வந்து விழுபவை. அவற்றில் பாதிக்கு மேல் சரியானவைதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். படித்தவர் தலையாட்டுகிறார், பிறகு பழையபடியே உட்காருகிறார். லாரிக் கேபினில் சொல்லப்பட்டது அப்படி வீணாகவில்லை. சொன்னவனும் கேட்டவனும் ஒரே சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சொன்னது தப்பானால் இருவருக்கும் சேர்ந்தே கேடு. அறிவுரைக்கு உயிர் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

காலைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். லாரியின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஒட்டி நிற்கும். வெளி டயரில் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியும். உள் டயர் இறங்கினால் தெரியாது, வெளி டயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். அப்படியே நூறு மைல் ஓடினால் இரண்டும் சூடேறி, நல்ல டயரும் சேர்ந்து வெடிக்கும். அதனால்தான் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பது. காற்று நிறைந்த டயர் கம்பியை எகிறவைக்கும், சத்தம் கணீரென்று வரும். இறங்கிய டயர் அடியை வாங்கிக்கொண்டு பொத்தென்று கேட்கும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் கணீருக்கும் பொத்துக்கும் நடுவே, கொஞ்சம் மட்டும் காற்றுக் குறைந்த டயரின் சத்தம் ஒன்று இருக்கிறது. அதை எழுத முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று, மறுபடி தட்டச் சொல்லிக் கேட்கவைத்தால்தான் காதில் பதியும்.

"உள்டயரத் தட்டுனியாடா கண்ணு?"

"தட்டிட்டனுங்ணா."

"என்ன சத்தம் வந்துச்சு?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. செய்தாயா என்று கேட்பது மேற்பார்வை. என்ன கேட்டது என்று விசாரிப்பது கற்பிப்பது. பையன் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் ஓட்டுநர் இறங்கி வருவார், கம்பியை வாங்குவார், தானே தட்டுவார். இரட்டை டயர்களின் இடுக்கில் சிக்கிய கல்லையும் அப்போதே நெம்பி எடுக்கச் சொல்வார். அந்தக் கல் வேகத்தில் தெறித்தால் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடி போகும். ஏர் டேங்கின் அடியிலிருக்கும் அடைப்பைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றுவது அடுத்த வேலை. காற்றை அழுத்திச் சேமிக்கும்போது அதிலிருக்கும் ஈரம் நீராகப் படியும். அதை வடிக்காமல் விட்டால் பிரேக்குக்குப் போகும் காற்றின் அளவு குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். சாயங்காலம் டீக்கடையில் நிறுத்தும்போது சக்கரத்தின் நடுவில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப்போகிறது. உள்ளங்கை வேண்டாம், சுட்டுவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மரவள்ளி ஜவ்வரிசியாகி, மூட்டைகளாக மராட்டியத்துக்கும் குஜராத்துக்கும் போவதெல்லாம் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கைப்பழக்கங்களின் மேல்தான்.

தார்ப்பாயிலும் ஒரு முறை உண்டு. இரண்டு தார்ப்பாய் போட வேண்டியிருந்தால் பின்பக்கத்துத் தார்ப்பாயை முதலில் விரித்து, முன்பக்கத்துத் தார்ப்பாயை அதன்மேல் ஏறிப் படியும்படி போடவேண்டும். எதிர்க்காற்று அப்போது மேலே வழுக்கிப் போகும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து, பத்து மைலுக்குள் தார்ப்பாயைத் தூக்கிவிடும். மழைக்காலத்தில் ஒருமுறை மாற்றிப் போட்டு மூட்டை நனைந்த பையன் அதன் பிறகு ஆயுசுக்கும் மறக்கமாட்டான்.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் நீண்ட சரிவில் இறங்க வேண்டிய இடம். அங்கே நடந்த விபத்துகளின் செய்தியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது. பிரேக் பிடிக்காமல் வந்த லாரி முன்னால் நின்ற கார்கள் மீது மோதியது என்ற வாக்கியம் எத்தனை தடவை அச்சேறியிருக்கிறது! பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதைச் செய்தி பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய ஓட்டுநர்கள் கேபினில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு: மலையை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறைவு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் இருபது முப்பது டன் பாரத்தை பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பு இழக்கும். அடிக்கடி விட்டுவிட்டு மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்றும் செலவாகித் தீரும். சரிவின் அடிவாரத்துக்கு வரும்போது காலுக்கடியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

தெரிந்தும் ஏன் நியூட்ரல் போடுகிறார்கள்? டீசலுக்காக. பல இடங்களில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்கு வைத்துவிடுகிறார். அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, குறைந்தால் அவர் பேட்டாவில் கை வைப்பார்கள். ஒரு மலை இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் கொஞ்சம் டீசல் மிச்சம் என்ற பழைய நம்பிக்கை அங்கிருந்து வந்தது. இதில் வேதனை என்னவென்றால், இப்போது ஓடும் புது இன்ஜின்களில் அந்த மிச்சமும் கிடையாது. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்ஜின், வண்டி கியரில் சரிவிறங்கி ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கும்போது, டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கும். உயிரைப் பணயம் வைத்துச் சேமிப்பதாக நினைப்பவர் உண்மையில் கூடுதலாகச் செலவழிக்கிறார். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு லாரி ஆபீசின் சுவரிலும் எழுதிவைக்கலாம். ஆனால் சுவரெழுத்து மட்டும் போதாது. மைலேஜ் கணக்கை வைத்துப் பேட்டாவைப் பிடிக்கிற முதலாளி, கியரில் இறங்கு என்று சொன்னால் அந்தச் சொல் எடுபடாது. கூலி ஒன்றைச் சொல்ல, அறிவுரை இன்னொன்றைச் சொன்னால் மனிதன் கூலியைத்தான் கேட்பான்.

அடுத்தது தூக்கம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மூன்று நொடி கண் அசந்தால் ஐம்பது மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய வண்டி அது. இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்துக்காகவே அமைந்த நேரம். எத்தனை வருட அனுபவமும் அதை மாற்றாது. கண்ணில் தண்ணீர் அடிப்பது, கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். ஓட்டுநருக்குத் தான் தூங்கிவிழப் போவது முன்கூட்டித் தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. இடப்பக்கம் இருப்பவனுக்குத் தெரியும். வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வரும், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாகும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் கிளீனர்களுக்கு ஒரு சோதனையைப் பழக்கியிருந்தார். சந்தேகம் வந்தால் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: "அண்ணா, கடைசியாத் தாண்டுன ஊரு எதுங்க?" பதில் உடனே வராவிட்டால் வண்டியை ஓரங்கட்டியே ஆகவேண்டும். எவ்வளவு அவசர லோடானாலும் கோபப்படக் கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். சின்னவன் பெரியவனை நிறுத்தச் சொல்லலாம் என்ற அந்த ஏற்பாட்டில் இருக்கும் நாகரிகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டீயோ காப்பியோ குடித்தால் அது வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகும். குடித்துவிட்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிப்பதால் பயனில்லை. குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, இருபது நிமிடம் கண்மூட வேண்டும். எழும்போது தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும், டீயும் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு மணி நேரம் தூங்கிப் பாதியில் எழுந்தால் தலை பாரமாகத்தான் இருக்கும், அப்போது பத்து நிமிடம் நடந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். இவை வழிப்பயணத்துக்கான ஒட்டுவேலைகள். இரவுத் தூக்கத்துக்கு இவை எதுவும் ஈடாகாது.

உடம்பைப் பற்றிக் கேபினில் பேசப்பட்டவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருந்தன. நல்லதை முதலில் சொல்கிறேன். மூத்திரத்தை அடக்காதே, தண்ணீரைக் குறைக்காதே. நிறுத்த இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்களுக்குக் கல்லடைப்பு வரும் வாய்ப்பு அதிகம். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதே. இடுப்பு ஒருபக்கம் தூக்கி நிற்கும், நாளெல்லாம் அப்படி உட்கார்ந்தால் வலி கால்வரை இறங்கும். இறங்கும்போது கேபினிலிருந்து குதிக்காதே, படியைப் பிடித்து முகத்தை வண்டிப் பக்கம் வைத்து இறங்கு. மூலம் வராமலிருக்கக் காரத்தைக் குறை, ராத்திரியில் மோர் சேர்த்துக்கொள். வடக்கே போனால் சோறு கிடைக்காது என்பதற்காகவே அரிசியும் புளியும் மிளகாய்த்தூளும் வண்டியிலேயே போயின. நிழலான புளியமரத்தடியில் ஆக்கிய ஒரு வாய்ச் சோறும் ரசமும் வயிற்றுக்கு மருந்தாக இருந்தன. வீடு திரும்பினால் விளக்கெண்ணெய் தலைக்கு. எண்ணெயை எடுக்க அரப்புத்தூள். கொங்கு நாட்டில் சீயக்காயைவிட அரப்புக்கு மவுசு அதிகம். உசில மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்தது அது. கஞ்சித் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெயை எடுக்கும், தலையை வறட்டாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வண்டி எடுக்காதே, கண் செருகும் என்று வீட்டில் சொன்னார்கள். லோடு காத்திருந்தாலும் அம்மா சாவியைக் கொடுக்கமாட்டாள். அந்த ஒருநாள் ஓய்வுக்கு எண்ணெய் ஒரு சாக்காகவும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கெட்டது உடம்புச் சூடு பற்றிய பேச்சிலிருந்தே முளைத்தது. இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டுவதால் உடம்பு சூடேறுகிறது, அந்தச் சூட்டை வெளியேற்றப் பெண்ணிடம் போகவேண்டும் என்று ஒரு நம்பிக்கை லாரித் தொழிலில் பரவலாக இருந்தது. எண்ணெய்க் குளியலைச் சொன்ன அதே வாய், அதே அக்கறையோடு, இதையும் சின்னவனுக்குச் சொன்னது. கேபின் பள்ளிக்கூடத்தை நான் புகழ்ந்துகொண்டே போக முடியாததற்கு இதுதான் காரணம். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் லாரித் தடங்களோடு சேர்த்துப் பேசப்பட்ட ஊர்களில் நாமக்கல்லும் ஒன்றாகிவிட்டது. 1997இல் தனி மாவட்டமாகப் பிறந்த ஊர், முட்டைக்கும் லாரிக்கும் அனுமாருக்கும் பெயர்போன ஊர், இந்த நோயின் பெயராலும் செய்திகளில் அடிபட்டது. பெண் கொடுக்கத் தயங்கினார்கள், வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். நோயில்லாத ஓட்டுநர்களும் அந்தப் பார்வையைச் சுமந்தார்கள்.

அப்போது அரசு சும்மா இருக்கவில்லை. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாநில அளவில் இந்தியாவிலேயே அதுதான் முதல். பிறகு புள்ளிராஜா என்றொரு கற்பனை மனிதருக்கு நோய் வருமா என்று சுவர்களும் பேருந்துகளும் தொலைக்காட்சியும் கேட்டன. ஊரே அந்தப் பெயரைச் சொன்னது. பயம் பரவியது, பேச்சு பரவியது, அதன் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். ஆனால் ஆணுறையை எப்படி, எங்கே, எதற்கு என்று ஓர் ஓட்டுநர் வெட்கமில்லாமல் கேட்டது இன்னொரு ஓட்டுநரிடம்தான். லாரி நிறுத்தங்களில் ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் பழக்கி, அவர்கள் தங்கள் ஆட்களிடம் பேசும் முறை தமிழ்நாட்டு எய்ட்ஸ் தடுப்புப் பணியின் முக்கிய அங்கமானது. பொய்யான அறிவுரை எந்த வழியாகப் பரவியதோ அதே வழியில்தான் மெய்யான அறிவுரையும் போக வேண்டியிருந்தது. அதே இடப்பக்க இருக்கை, அதே குரல், சொல் மட்டும் வேறு.

கேபினுக்கு வெளியே இருந்தவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா லாரி ஓட்டுநர் ஒருவரை இளம் வயதில் மணந்தவர். அவர் வழியாகத் தொற்றைப் பெற்றவர். ஒளிந்துகொள்ளாமல், தன் பெயரையும் முகத்தையும் வெளியில் காட்டிப் பேசினார். 1998இல் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்காகப் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைச் சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் தொடங்கினார். திருமணத்துக்கு முன் அவருக்குச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகள் என்னென்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எப்படிச் சமைப்பது, எப்படி மாமியாரிடம் நடப்பது, எப்படிப் பேசாமல் இருப்பது. தன் உடம்பை எப்படிக் காப்பது என்பது அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. வீட்டுக் குறிப்புகள் என்று நாம் காலங்காலமாக அச்சடித்தவற்றின் பெரிய குறை அது. கறை எடுப்பதற்கு நூறு வழி சொன்னோம். மாப்பிள்ளையிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்கும் வழியைச் சொல்லவில்லை.

இனி அந்த இருக்கை ஏன் காலியானது என்பதற்கு வருவோம். டீசல் விலை, சுங்கச் சாவடி, டயர் விலை, வங்கித் தவணை எல்லாம் ஏறியபோது முதலாளியின் கைக்கு எட்டிய முதல் செலவு கிளீனரின் கூலி. சட்டமும் அதற்கு வழிவிட்டது. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் இருந்த கட்டாயத்தை 2018இல் எடுத்துவிட்டார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று வகுத்தது. ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றோ இரண்டோ வண்டி வைத்திருப்பவர்கள் நிறைந்த நம் ஊரில் அந்த வரம்புக்குள் வந்தவர் எத்தனை பேர்? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதே மணிக்கணக்கை எல்லாப் போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கும் உரியதாக்கியது. தாளில் அப்படித்தான். நாமக்கல்லிலிருந்து வடக்கே ஒற்றை ஆளாக ஓட்டிப் போகிறவரிடம் எட்டு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் குளிரூட்டி கட்டாயமாகியிருக்கிறது. இன்ஜின் சூடு பற்றிய பழைய பேச்சுக்கெல்லாம் அது முடிவு கட்டட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் குளிர்ந்த கேபினிலும் இரவு மூன்று மணிக்குக் கண் செருகத்தான் செய்யும்.

இன்னொரு காரணம் மகிழ்ச்சியானது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகின. ஓட்டுநர்கள் தங்கள் பையன்களை அங்கே சேர்த்தார்கள். நான் பட்டது போதும், நீ ஸ்டியரிங்கைத் தொடாதே என்றார்கள். கிளீனர் வேலையின் உள்ளே இருந்த அடியும் உதையும், பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்கள் மூட்டைமேல் படுத்துத் தூங்கியதும், சம்பளம் என்று கையில் எதுவும் வராத வருடங்களும் எனக்குத் தெரியாததல்ல. சிறுவர்களை இத்தொழிலில் வைக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அந்தப் பையன்கள் பள்ளிக்குப் போனதை எண்ணி யாராவது வருத்தப்பட்டால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதை ஓட்டப் புது ஆள் வந்துகொண்டிருக்கிறார். 2019இல் போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. அது ஒரு வகையில் நியாயமான முடிவு. டயரின் சத்தம் கேட்கப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. தேவையானது, அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்க ஒரு மனிதர். இப்போது அதைக் கைபேசி செய்கிறது. தமிழ் ஓட்டுநர்கள் பலர் தங்கள் பயணங்களைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். தார்ப்பாய் கட்டுவதையும் கணவாய் இறங்குவதையும் அழகாகக் காட்டுகிறார்கள். நானும் விரும்பிப் பார்க்கிறேன். முடிச்சு எப்படி விழுகிறது என்பது அதில் தெரிகிறது. உன் முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. இடப்பக்கம் உரசி வரும் இருசக்கர வாகனம் ஓட்டுநரின் கண்ணாடியில் விழாத இடத்தில் இருக்கும்போது, கதவைத் தட்டி ஓல்டான் என்று அது கத்தாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். கனரக வாகனம் ஓட்டப் பழகுநர் உரிமம் வாங்க வேண்டுமானால், இலகு ரக வாகன உரிமம் கையில் வந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த ஓராண்டு இப்போது வெறுமனே கழிகிறது. பையன் கார் ஓட்டியிருக்கலாம், ஓட்டாமலும் இருந்திருக்கலாம், யாரும் கேட்பதில்லை. எரிவாயு போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றும் டேங்கர் ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி கட்டாயம். நாமக்கல்லில் டேங்கர் லாரி முதலாளிகள் ஏராளம், அவர்களுக்கு இது பழகிய நடைமுறை. தொப்பூரில் நியூட்ரலில் இறங்கும் ஜவ்வரிசி லாரி எரிவாயு டேங்கருக்கு எந்த வகையில் குறைந்த ஆபத்து? அந்தக் காத்திருப்பு ஆண்டை, பதினெட்டு நிறைந்த, பள்ளியை முடித்த இளைஞனோ பெண்ணோ இடப்பக்க இருக்கையில் சம்பளத்தோடு கழிக்கும் ஆண்டாக மாற்றலாம். பழகுநர்களுக்கு உதவித்தொகை தரும் சட்டம் 1961 முதல் நாட்டில் இருக்கிறது. பட்டறைக்கும் ஆலைக்கும் பொருந்தும் ஏற்பாட்டை லாரிக்கும் கேட்டுப் பெறும் வலிமை நம் ஊர் லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு உண்டு. தங்கள் கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். உதவித்தொகையில் ஒரு பங்கை முதலாளியும், ஒரு பங்கை அரசும், லோடு அனுப்புகிற கம்பெனியும் ஏற்கட்டும். பழகுநரின் கையேட்டில் ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் சிலவே இருக்கட்டும்: உள்டயர், ஏர் டேங்க், தார்ப்பாய், பாரத்தோடு கியரில் இறங்கிய ஒரு கணவாய், வண்டியை நிறுத்தச் சொன்ன ஓர் இரவு.